மறு: இம்மர்சிவ் இன்ஸ்டலேஷன் – 'புகுகளம்' எனலாமா?

வணக்கம். பார்ப்பவர் உள்ளே புகுந்து அனுபவிக்கும்படி அமைக்கிற கலைப்படைப்பான இம்மர்சிவ் இன்ஸ்டலேஷனுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'அமிழ்வு நிறுவல்' என்றே வைத்துவிடலாமே. இரண்டும் புழக்கத்தில் உள்ள சொற்கள்தானே?

புழக்கம்தான் சிக்கல், அண்ணா. 'நிறுவல்' என்றதும் கணினியில் மென்பொருள் ஏற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட, நிறுவியது நிலைத்து நிற்கும் என்ற பொருள் அதில் ஊறிக் கிடக்கிறது. சிலை நிறுவினார்கள், கல்லூரி நிறுவினார்கள் என்கிறோம். அமெரிக்காவில் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் கலைவிழாவில் சங்கதியே வேறு. 2014-இல் அங்கே 72 அடி உயரத்தில் இரண்டு மர உருவங்கள் தழுவி நின்றன. உள்ளே படியேறிப் போகலாம். விழா முடிவதற்குள் எரித்துவிட்டார்கள். அதே விழாவில் சிற்பி டேவிட் பெஸ்ட் 2000-இல் தொடங்கிவைத்த மரக்கோயில்களும் அப்படியே. வருகிறவர்கள் இறந்துபோனவர்களின் பெயரைச் சுவரில் எழுதுகிறார்கள், படங்களை வைக்கிறார்கள். கடைசி இரவில் அத்தனையும் நெருப்புக்குப் போகிறது.

'அமிழ்வு' எனக்கு ஒப்பவில்லை. அமிழ்ந்தவர் செயலற்றுப் போகிறார். அங்கே போகிறவர் ஏறுகிறார், எழுதுகிறார், தொடுகிறார்.

ஆந்திரத்தில் எங்கள் நகரி, புத்தூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. படுகளத்தன்று, அதாவது பாரதப்போரின் முடிவை நடிக்கும் நாளில், திடலில் துரியோதனன் மண்ணுருவாக மல்லாந்து கிடப்பான். கூத்தாடிகள் அவனைச் சுற்றியும் அவன் மேலேறியும் ஆடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் செந்நீர் வழியும், திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு சனம் அந்த மண்ணைப் பிடிபிடியாக அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகும். தெலுங்கில் 'துர்யோதன வத' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். தமிழில் நாம் 'படுகளம்' என்று இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கலைக்கும் இடம்தானே உயிர்!

ஆகவே என் பரிந்துரை: புகுகளம். படுகளம் போலவே வினைத்தொகை. புகுந்த களம், புகுகின்ற களம், புகும் களம் மூன்றும் அதற்குள் அடங்கும். வல்லினம் மிகாது, 'புகுக்களம்' என்று எழுதிவிட வேண்டாம். கலைவகையைப் புகுகளக் கலை எனலாம்.

'களம்' என்றால் போரும் விளையாட்டும்தான் தோன்றுகின்றன என்று பாலக்காட்டு அக்கா எழுதியிருந்தார். அக்கா, உங்கள் பக்கத்துக் களமெழுத்தை நினைத்துப் பாருங்கள். அரிசிமாவும் மஞ்சளும் உமிக்கரியுமாகத் தரையில் பகவதியை வரைந்து, பாடி முடித்து, சடங்கின் இறுதியில் அழித்துவிடுகிறார்கள். அதுவும் களம்தான், நெல்லடிக்கிற இடமும் களம்தான்.

தள்ளி நின்று பார்க்கும் படைப்புக்கு 'நிறுவல் கலை' இருக்கட்டும். 2012 முதல் நடக்கும் கொச்சி பினாலே கலைக்கண்காட்சியில் இரண்டு வகையும் உண்டு என்பதால், எழுதுகிறவருக்கு இரண்டு சொல்லும் தேவைப்படும்.

'களம்' பிடிக்காதவர்கள் வேறு பின்னொட்டு சொல்லுங்கள், கேட்கிறேன். 'புகு'வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.