சோக்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பயிற்சி ஆசிரியை, திண்டுக்கல்:

குழுவினர்க்கு வணக்கம். அவசரமாக ஒரு தமிழ்ச் சொல் தேவை. எங்கள் மையத்தில் புதிதாக வண்டி ஓட்டக் கற்கும் பெண்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று போடுகிறோம். வண்டி முரண்டு பிடித்தால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் தாங்களே பார்க்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெட்ரோல் குழாய், பிளக், காற்று வடிகட்டி எல்லாம் எழுதியாயிற்று. சோக்கில் (குளிர்ந்த வண்டியைக் கிளப்பத் தூக்கிவிடும் சின்னக் கைப்பிடி) வந்து நிற்கிறேன்.

'சோக்' என்றே விட மனம் வராததற்குக் காரணம் ஒரு மாணவி. அண்ணன் ஓட்டிக் கழித்த 100 சிசி வண்டி அவளுடையது. காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடும். இரண்டு கிலோமீட்டர் போனதும் இழுவை இருக்காது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், பின்னால் கரும்புகை. பத்து நாள் இப்படியே ஓட்டியிருக்கிறாள். பிளக்கைக் கழற்றினேன்; முனையைக் கண்மை டப்பாவில் விட்டு எடுத்ததுபோல் இருந்தது. குனிந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பார்த்தால் சோக் பாதியில் நிற்கிறது. "கிளம்பணும்னா இதைத் தூக்கணும்னு அண்ணன் சொன்னான் மிஸ்" என்றாள். இறக்கவும் வேண்டும் என்று அண்ணன் சொல்லவில்லை. சோக் என்ற பெயரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் இது எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்பது கொஞ்சமாவது பிடிபட வேண்டாமா? ஆங்கிலத்தில் அதற்கு மூச்சுத் திணறவைப்பது என்று பொருள் என்பதால் தற்காலிகமாகத் 'திணறி' என்று வைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

திணறி வேண்டாம் அக்கா. உங்கள் கையேட்டில் இப்படி ஒரு வரி வரும்: 'வண்டி திணறித் திணறி ஓடினால் திணறியைப் பார்க்கவும்.' வினையெச்சமும் பெயரும் ஒரே உருவம். தவிர, திணறு தன்வினை. திணறி என்றால் தானே திணறுவது. பிறிதொன்றைத் திணறவைப்பது ஆகாது.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

தம்பி சொல்வது பாதி சரி. இகர விகுதி எப்போதும் செய்பவனைத்தான் குறிக்கும் என்று யார் சொன்னது? மண்வெட்டி மண்ணை வெட்டுவது. ஊருணி ஊரை உண்பதன்று, ஊரால் உண்ணப்படுவது. விகுதி ஒன்றுதான், பொருளை வழக்கு தீர்மானிக்கும். ஆனாலும் திணறி எனக்கும் உவப்பில்லை. நோயாளியின் பெயர்போல் இருக்கிறது.

என் பரிந்துரை 'வளிமறி'. வளியை மறிப்பது. நான்கே எழுத்து, விகுதிச் சண்டையும் இல்லை.

சுவையான இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று சிலர் சிரிப்பார்கள். தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: 'யாடும் குதிரையும் நவ்வியும் உழையும் ஓடும் புல்வாய் உளப்பட மறியே'. குதிரைக்குட்டியும் மறிதான். இன்றைக்குச் சாலையில் நமக்குக் குதிரை எது? மோட்டார் சைக்கிள்தானே! குதிரைத்திறன் என்றுதானே அதை அளக்கிறோம்? காற்றில் ஓடும் குதிரைக்குட்டி என்று இரட்டுறவும் கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, இரட்டுற மொழிதல் காளமேகத்துக்குச் சரி. சிக்னலில் வண்டி அணைந்து, பின்னால் பஸ்காரர் ஆரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் குதிரைக்குட்டியை எங்கே போய்த் தேடுவாள்?

பட்டறைக்காரர், ஈரோடு:

வாத்தியாரய்யா மன்னிக்கணும். நான் இலக்கணத்துக்கு வரவில்லை, வண்டிக்கு வருகிறேன்.

நாம் சோக் என்று சொல்வது ஒரே சாமான் இல்லை. சில கார்புரேட்டரில் வாயில் ஒரு தகடு இருக்கும். தூக்கினால் காற்று வழியை அடைக்கும், உள்ளே போகும் கலவையில் பெட்ரோல் கூடும். அதற்கு வளிமறி பொருந்தும். ஆனால் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் இருந்த மிக்குனி கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள். தகடே கிடையாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை முளை. அதைத் தூக்கினால் பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சின்ன வழி திறக்கும். எதையும் மறிப்பதில்லை, நேர்மாறாகத் திறந்துவிடுகிறது. சோக் என்கிற பேரே அதற்குத் தப்பு. நீங்கள் அந்தத் தப்பையும் சேர்த்து மொழிபெயர்க்கிறீர்கள்.

இன்னொன்று டீச்சர், இதைக் கட்டாயம் கையேட்டில் போடுங்கள். இந்த முளை மாதிரியில் சோக்கைத் தூக்கிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. முறுக்கினால் அந்தச் சின்ன வழியில் உறிஞ்சல் குறைந்துபோகும், உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் உதைக்கும்போது முறுக்குவார்கள்.

பயிற்சி ஆசிரியை, திண்டுக்கல்:

நன்றி அண்ணா. என் பட்டியலில் இருந்த அடைப்பி, மறி, தடுப்பி மூன்றையும் அடித்துவிட்டேன். அடைப்பது பொது இல்லை, கூடுதலாகப் பெட்ரோல் கொடுப்பதுதான் இரண்டுக்கும் பொது. சரியா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அப்படியென்றால் விடை கையிலேயே இருக்கிறது. உண் – ஊட்டு, காண் – காட்டு. பிறவினை தயாராக நிற்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகாது, துளியாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கூட ஊட்டுகிறோம். ஆகவே, ஊட்டி.

ஆசிரியை, குன்னூர்:

நான் தினமும் காலையில் உண்மையாகவே சோக் போடுகிற ஆள். இந்தக் குழுவில் வேறு யாருக்கும் அந்தத் தேவை இருக்காது என்று நினைக்கிறேன். 'ஊட்டியில் வண்டி கிளம்பவில்லையென்றால் ஊட்டியைத் தூக்கவும்' என்று என் பிள்ளைகளிடம் நான் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

ஆர்வலர், புதுச்சேரி:

எல்லாரும் ஆங்கிலச் சொல்லைத் துரத்துகிறீர்கள். அது நம்மிடமிருந்து போனதாக இருந்தால்? சொக்குதல் என்றால் மயங்குதல், தன்வசம் இழத்தல். மூச்சு முட்டினால் மயக்கம்தானே? சொக்கன், சொக்குப்பொடி, சொக்கப்பனை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 'சொக்கு' என்று ஓர் எழுத்து அழுத்தினால் தமிழாகிவிடுகிறது. 'சொக்கு போடு', 'சொக்கு எடு'. பட்டறையிலும் யாருக்கும் நாக்குப் புரளாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் தாடையைக் குறித்த சொல்லின் உறவு. மதுரைச் சொக்கனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்துப்போவதெல்லாம் வேர் ஆகாது. சொக்கப்பனை இதற்குள் எப்படி வந்தது என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆர்வலர், புதுச்சேரி:

சொக்கப்பனை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

பொறியாளர், டொரோண்டோ (ஊர் யாழ்ப்பாணம்):

ஊட்டி என்ற சொல்லை வாசிக்க எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் எங்கட ஊரில் பொருளாதாரத் தடை. பெற்றோல் என்பது மருந்து மாதிரி. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பத்திக்கொள்ளாது. அதற்கு ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்போம். கார்புரேட்டருக்குள் நாலு சொட்டு அடித்துவிட்டு உதைத்தால் எழும்பும். சூடு ஏறினதும் மண்ணெண்ணெயை இழுத்துக்கொள்ளும். அந்தப் போத்தலை நாங்கள் சூப்பி என்போம். குழந்தை பால் குடிக்கிற அதே சூப்பி.

யாரும் குழு வைத்து உண்டாக்கின சொல் இல்லை. ஆனால் ஆசிரியை அம்மா கேட்டது முழுக்க அதற்குள் இருக்கிறது: எதற்கு, எப்ப, எவ்வளவு நேரம். வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சூப்பி கொடுப்பதில்லை.

பட்டறைக்காரர், ஈரோடு:

இத்தனை நாள் இந்தக் குழுவில் இருக்கிறேன், வண்டியைத் தெரிந்து ஒருவர் வைத்த பேர் இதுதான்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

நெகிழ்ச்சியான செய்தி. வணங்குகிறேன். ஆனால் அது வேறு பொருளுக்கான வட்டார வழக்கு. தமிழ்நாட்டில் சூப்பி என்றால் விரல் சூப்பும் பிள்ளை, இல்லாவிட்டால் மாங்கொட்டை. கையேட்டில் அச்சேறினால் நகைப்புக்கு இடமாகும்.

பொறியாளர், டொரோண்டோ:

குதிரைக்குட்டிக்கு இல்லாத நகைப்பா ஐயா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

சண்டை வேண்டாம். ஒரு கசப்பான கேள்வி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் எரிபொருள் பீச்சும் முறை வந்துவிட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்பதை ஓர் உணரி (சென்சார்) பார்த்துச் சொல்கிறது, பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் தானாக நடக்கிறது. கையால் தூக்க எதுவுமே இல்லை. ஒரு பொருள் போன பிறகு அதற்குப் பெயர் சூட்டு விழா நடத்துகிறோமா?

ஆசிரியை, குன்னூர்:

என் வீட்டு வாசலில் நிற்பது 2011 வண்டி. புது வண்டி வாங்கித் தருவதானால் இந்த இழையை மூடிவிடலாம்.

பட்டறைக்காரர், ஈரோடு:

புதிதாகக் கற்கிற பிள்ளைகளுக்கு யார் ஐயா புது வண்டி கொடுக்கிறார்கள்? அண்ணனுடையது, மாமாவுடையது, செகண்ட் ஹேண்டு. டீச்சர் சொன்ன பிள்ளையே அப்படித்தான். என் பட்டறைக்கு ஒரு நாளைக்கு வரும் வண்டியில் பாதி கார்புரேட்டர்தான்.

பெயரைவிடப் பெரிய குழப்பம் வினையில் இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. தகடு மாதிரியில் சோக் போடுவது மூடுவது, முளை மாதிரியில் திறப்பது. 'சோக் மூடியிருக்கிறதா' என்று கையேட்டில் எழுதினால் பாதிப் பேர் தலைகீழாகச் செய்வார்கள். தூக்கு, இறக்கு என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். பட்டறையில் 'போடு', 'எடு' என்போம். அது எல்லா வண்டிக்கும் சரி. பேர் எதை வேண்டுமானாலும் வையுங்கள், வினையை மாற்றாதீர்கள்.

பயிற்சி ஆசிரியை, திண்டுக்கல்:

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது அண்ணா. வியாழன் இரவாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தேன். 'சோக்' என்றே விடலாம் என்பவர் நான்கு பேர், அதில் இரண்டு பேர் களைத்துப்போய்ச் சொன்னவர்கள். சூப்பிக்கு மூன்று. 'தொடக்கூட்டி' (தொடக்கம் + ஊட்டி) என்று தனி மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் 'தொட கூட்டி' என்று பிரிந்து எங்கோ போகிறது. வளிமறிக்கு ஒன்று.

கையேட்டில் இப்படிப் போகிறது: 'காலையில் வண்டி கிளம்பவில்லையென்றால் சோக் போடுங்கள். போட்டதும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் உதையுங்கள். எஞ்சின் சூடேறி ஓட்டம் சீரானதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். சோக் குழந்தைக்குப் பால் சூப்பி போன்றது. எஞ்சின் எழுந்துவிட்டால் தேவையில்லை. எடுக்காமல் ஓட்டினால் இழுவை குறையும், கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், பெட்ரோலும் வீண்.' பக்கத்தில் தகடு, முளை இரண்டின் படமும் இருக்கும்.

இன்று வகுப்பில் அந்த மாணவியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ அண்ணனுக்கும் ஒரு காப்பி கொடுங்க மிஸ்" என்றாள்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அச்சானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள் அம்மா. சோக் என்ற இடத்தில் எல்லாம் வளிமறி என்று பேனாவால் திருத்தி வைத்துக்கொள்கிறேன்.