கணவரின் தாய்மாமாவுக்கு ஒரே ஒரு மரபணு மாற்றத்தை மட்டும் பரிசோதிக்க எங்கே போவது?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 34, திருமணம் 2019இல். விந்துப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: விந்தணு அறவே இல்லை. (என்னை எல்லாப் பரிசோதனைகளுக்கும் அனுப்பிய பிறகே அவரை அனுப்பினார்கள். அது தனிக்கதை.)

எஃப்.எஸ்.எச். (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், விரையின் அளவு எல்லாம் இயல்பு. அதனால் முதலில் விந்து வரும் பாதையில் அடைப்பு என்றே நினைத்தார்கள். குரோமோசோம் பரிசோதனையில் 46 எக்ஸ்ஒய், அதாவது ஆணுக்கு இயல்பானதே; ஒய் குரோமோசோமில் எந்தப் பகுதியும் விடுபடவில்லை. திசு ஆய்வில்தான் தெரிந்தது: விந்தணுவாக வேண்டிய செல்கள் குன்றல் பகுப்பின் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவின்) நடுவிலேயே நின்றுவிடுகின்றன.

எக்ஸோம் பரிசோதனையில் (எல்லா மரபணுக்களிலும் புரதத்துக்கான பகுதிகளைப் படிப்பது) டெக்ஸ்11 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. குன்றல் பகுப்பில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள இது தேவை. ஆனால் அறிக்கையோ 'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று, அதாவது இதுதான் காரணமா இல்லையா எனச் சொல்ல முடியாது என்று, கைவிரிக்கிறது. மாமியாருக்கும் அதே மாற்றம் இருக்கிறது.

மாமியாருடைய தம்பிக்கு மூன்று பிள்ளைகள். அவரிடமும் இம்மாற்றம் இருந்தால், இது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தம் தர அவர் தயார். ஆய்வகம் அவருக்கும் முழு எக்ஸோம் செய்யச் சொல்கிறது. அவ்வளவு பணம் இல்லை. மருத்துவமனையோ மைக்ரோ டெசி அறுவைக்கு (நுண்ணோக்கி வைத்து விரைக்குள் விந்தணு தேடுவது) தேதி கேட்டு நெருக்குகிறது.

அந்த ஓர் இடத்தை மட்டும் சாங்கர் முறையில் (டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் முறை) பார்த்து அறிக்கை தரும் ஆய்வகம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?