பிளேர் விட்ச்: விமர்சகர்கள் கொண்டாடின படத்தை ஜனங்க ஏன் திட்டினாங்க?

செகண்ட் ஷோ:
நேத்து ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு ஹெட்போன் மாட்டிக்கிட்டு 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' பார்த்தேன், 1999ல வந்தது, சூனியக்காரியைப் பத்தி டாக்குமென்டரி எடுக்க காட்டுக்குப் போன மூணு பேர் அவங்களே எடுத்த வீடியோ மாதிரி வர்ற பேய் படம். கூடாரத்துக்கு வெளிய குழந்தைங்க சத்தம் கேக்குதே, அந்த இடத்துல ஹெட்போனை கழட்டிட்டு பின்னாடி திரும்பிப் பார்த்துட்டேன். அப்புறம் தேடினா, அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு ஸ்டார் குடுத்திருக்கார், ஆனா முதல் நாள் தியேட்டர்ல ஜனங்ககிட்ட மார்க் வாங்குற சினிமாஸ்கோர்ல வெறும் சி பிளஸ். இது போதாதுன்னு அதுல நடிச்ச பொண்ணுக்கு மோசமான நடிகைன்னு ராஸி வேற, அதான் மோசமான படங்களுக்குன்னு கிண்டலா குடுக்குற விருது. ஒரே படம்தானே, ஏங்க இப்படி?

மழைக்காகிதம்:
எதிர்பார்ப்புதாங்க காரணம். ஜனவரில சன்டான்ஸ் திரைப்பட விழாவுல பார்த்தவங்களுக்கு படத்தைப் பத்தி பெருசா எதுவும் தெரியாது. ஆர்டிசன் கம்பெனி வாங்கினதுக்கப்புறம் வெப்சைட்டு, 'காணவில்லை' போஸ்டருன்னு ஊரையே கிளப்பிவிட்டாங்க, ஜூலைல டிக்கெட் வாங்கினவன் சூனியக்காரிய பார்க்கத்தான் வந்தான், அவளை கடைசி வரைக்கும் காட்டவே இல்ல. கடைசி ஷாட்ல (ஸ்பாய்லர்) ஒருத்தன் மூலையைப் பார்த்து நிக்கிறான், ஆரம்பத்துல ஊர்க்காரர் சொல்ற ஒரு வரிய விட்டுட்டா அது ஏன்னே புரியாது.

கோமதி:
எதிர்பார்ப்பு மட்டும் இல்லங்க, கேமரா ஆடுற ஆட்டத்துல பெரிய திரைல பார்த்தவங்க நெறைய பேருக்கு தலை சுத்தி வாந்தியே வந்திருக்கு, அவங்க எப்படி நல்ல மார்க் போடுவாங்க? ஆனா அந்த ராஸி எனக்கு இன்னிக்கும் ஆத்திரமா வருது. மேரிலாந்து காட்டுல 8 நாள், சாப்பாட்டை தினமும் கொறச்சிக்கிட்டே வந்தாங்க, ராத்திரில டைரக்டருங்களே வந்து கூடாரத்தை உலுக்கினாங்க, அந்த குழந்தை சத்தம்கூட டேப்புல போட்டது, உள்ள இருந்தவங்களுக்கு முன்னாடியே தெரியாது. மூக்கு ஒழுக ஒழுக கேமராவைப் பார்த்து மன்னிப்பு கேப்பாளே, அதைப் போய் மோசமான நடிப்புன்னு எப்படி சொல்ல மனசு வந்துச்சு?

பழைய ரீல்:
அதே ஈபர்ட் 1969ல 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'ங்கிற ஸோம்பி படத்தைப் பத்தி எழுதினதையும் படிங்க. சுமார் 1,14,000 டாலர்ல எடுத்த படம், வழக்கமான பேய் படம்னு நெனச்சி பகல் ஷோவுக்கு பசங்களை அனுப்பியிருக்காங்க, வயசு ரேட்டிங் முறை அமெரிக்கால அப்பதான் வந்துட்டு இருந்துச்சு. 9 வயசு இருக்கும்போல ஒரு பொண்ணு, சீட்ல அசையாம உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருப்பார். அவர் கோபமெல்லாம் அந்தக் குழந்தைகளை உள்ள விட்டவங்க மேலதான். 1999ல, அதாவது பிளேர் விட்ச் வந்த அதே வருஷம், அந்தப் படத்தை அமெரிக்காவோட தேசிய திரைப்படப் பதிவேட்டுல, அதான் பாதுகாக்க வேண்டிய படங்களோட பட்டியல்ல, சேர்த்தாங்க. அதனால முதல் வாரத்து மார்க்க நான் பெருசா எடுத்துக்கிறதே இல்ல.

செகண்ட் ஷோ:
மழைக்காகிதம், இப்பதான் ஆரம்பத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த ஊர்ல இருந்த ஒரு கொலைகாரன் குழந்தைகளை ரெண்டு ரெண்டு பேரா கூட்டிட்டுப் போயி, ஒண்ணை மூலையைப் பார்த்து நிக்க வெச்சிட்டு இன்னொண்ணைக் கொல்லுவான்னு சும்மா பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போறார் அந்த மனுஷன். நேத்து அந்த நேரத்துல நான் தண்ணி எடுக்க எழுந்து போயிருந்தேன்.