கேட் தேர்வின் உரைப்பகுதிகள்: படித்தால் புரிகிறது, விடை மட்டும் தவறுகிறது

கேள்வி: அச்சகத்துக் கணக்கன்

அனைவருக்கும் வணக்கம். நான் கேட்பது பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வைப் பற்றியன்று; ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான கேட் தேர்வைப் பற்றி. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம் வருகின்றன, என்ன செய்வது!

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்து, இப்போது ஓர் அச்சகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டே தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். கணக்கும் தரவுப் பகுதியும் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆங்கில மொழிப் பகுதிதான் காலை வாருகிறது. அதிலுள்ள 24 கேள்விகளில் 16 கேள்விகள் நான்கு உரைப்பகுதிகளைச் சார்ந்தவை என்பதும், மொத்தப் பகுதிக்கும் 40 நிமிடமே என்பதும் உங்களுக்குத் தெரியும். சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாதிரித் தேர்வில் அந்த 16 கேள்விகளுக்கும் விடையளித்தேன். 7 சரி, 9 தவறு. சரியானவற்றுக்கு 21 மதிப்பெண் வந்து, தவறுகளுக்கு 9 போய், 48க்கு 12 மட்டுமே மிஞ்சியது.

எனக்கு விளங்காதது இதுதான். உரைப்பகுதியைப் படிக்கும்போது புரிந்துவிட்டதாகவே தோன்றுகிறது. நான்கு விடைகளில் இரண்டை உடனே தள்ளிவிடவும் முடிகிறது. மீதமுள்ள இரண்டில் நான் எடுப்பது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. பயிற்சி மையத்தில் கேட்டால், படிக்கும் வேகத்தைக் கூட்டுங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. வேகவாசிப்புப் பயிற்சியில் சேர வேண்டுமா? கேள்விகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உரைப்பகுதிக்குப் போவது பயன் தருமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: மேட்டுத்தெரு

வேகவாசிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது கடினமாக இராது. ஓர் உரைப்பகுதி ஏறத்தாழ 500 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 200 சொற்கள் படிப்பவருக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது. அரும்பாடுபட்டு அதை 250 சொற்களாக்கினால் இரண்டு நிமிடம். நான்கு உரைப்பகுதிகளுக்கும் சேர்த்து மிச்சமாவது இரண்டே நிமிடம். உங்கள் 9 தவறுகள் அந்த இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

தவறு எங்கே நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்க்கலாம். தேர்வில் வரும் நடையை ஒட்டி நானே ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். தேர்வில் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

“1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட உலகப்படத்தின் முறையில் வரைந்தால், கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது; உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு அதைப் போல் சுமார் 14 மடங்கு. இதனால் அந்தப் படம் ஐரோப்பியப் பேரரசுகளின் பெருமிதத்துக்குத் துணைபோனது என்று விமர்சகர்கள் கூறுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக அமையும். மாலுமிக்கு வேண்டியதும் அதுவே. கடலுக்கென வரைந்ததைக் கொண்டுவந்து வகுப்பறைச் சுவரில் மாட்டியவர்களை விட்டுவிட்டு, வரைந்தவரைக் குறை கூறுவது எளிது.”

கேள்வி: கட்டுரையாளர் பின்வருவனவற்றுள் எதை ஏற்றுக்கொள்வார்? முதல் விடை, மெர்கேட்டரின் படம் பேரரசுகளின் பெருமிதத்துக்காகவே உருவாக்கப்பட்டது என்கிறது. இரண்டாவது, பள்ளிகளில் அந்தப் படத்தை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒரு கருவி எந்தப் பயனுக்காகச் செய்யப்பட்டதோ அதைக் கொண்டே அதன் தகுதியை மதிப்பிட வேண்டும் என்கிறது. நான்காவது, ஆப்பிரிக்காவின் உண்மையான பரப்பை மாலுமிகள் மற்றவர்களைவிட நன்கு அறிந்திருந்தனர் என்கிறது.

முதல் விடை பத்தியிலேயே இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது விமர்சகர்களின் குரல், அதுவும் “துணைபோனது” என்பது “அதற்காகவே உருவாக்கப்பட்டது” என்று முறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, கட்டுரையாளர் போகாத தொலைவுக்குப் போகிறது. நான்காவது பத்தியில் எங்குமே இல்லை. மூன்றாவதுதான் விடை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சரியான அந்த விடையில் கப்பலும் இல்லை, கிரீன்லாந்தும் இல்லை, பத்தியில் வந்த முக்கியச் சொல் ஒன்றுகூட இல்லை. தவறான விடைகள்தாம் பத்தியின் சொற்களை அள்ளிப் பூசிக்கொண்டு நிற்கின்றன. கடைசி இரண்டு விடைகளில் நீங்கள் தடுமாறும்போது, உங்களுக்குப் பழகிய சொற்கள் எதில் இருக்கின்றனவோ அதன் பக்கம் கை போகிறது என்பது என் ஊகம்.

ஆகவே ஒவ்வொரு பத்தியையும் முடித்தவுடன், அதில் என்ன சொல்லப்பட்டது என்பதைவிட, அங்கே கட்டுரையாளர் என்ன செய்கிறார் என்பதை ஒரே வரியில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பிறர் கருத்தை எடுத்துவைக்கிறார், பாதி ஒப்புக்கொள்கிறார், மறுக்கிறார், ஐயப்படுகிறார், கேலி செய்கிறார் என்று வினைச்சொல்லாகச் சொல்லுங்கள். அந்த வரி தமிழிலேயே இருக்கலாம். தேர்வுக்கூடத்தில் உங்கள் மனத்துக்குள் எட்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

பதில் 2: மூன்றாம் முயற்சி

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கேள்விகளை முதலில் படிப்பது பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். கேட் தேர்வின் திரையில் இடப்பக்கம் உரைப்பகுதியும் வலப்பக்கம் ஒரு கேள்வியும் மட்டுமே இருக்கும். நான்கையும் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாக அழுத்திப் போய்த் திரும்பி வர வேண்டும். என் முதல் முயற்சியில் அப்படிச் செய்து, கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கவலையிலேயே உரைப்பகுதியின் திருப்பத்தைத் தவறவிட்டேன். தரவு சார்ந்த நேரடிக் கேள்விகளுக்கு அந்த முறை உதவலாம். கட்டுரையாளரின் நிலைப்பாட்டைக் கேட்கும் கேள்விகளுக்கு உதவாது, இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே. மேலாண்மைப் படிப்புக்கான இன்னொரு தேர்வான ஜிமேட்டை எழுதுவோர்க்கு இந்த யோசனையே எழாது, அங்கே கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகவே திறக்கும்.

இன்னொன்று. 16 கேள்விகளையும் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. மூன்று உரைப்பகுதிகளை நிதானமாகப் படித்து 11 கேள்விகளுக்கு மட்டும் விடையளித்து, 8 சரி, 3 தவறு என்று வந்தாலே 21 மதிப்பெண் ஆகிறது. உங்களுடைய 12ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் நான்கையும் மேலோட்டமாகப் பார்த்து, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்வது நல்லது.

பதில் 3: பொன்னி

நானும் தமிழ் வழியில் படித்தவள். நம்மைப் போன்றவர்களைக் கவிழ்ப்பவை அகராதியில் தேட வேண்டிய பெரிய சொற்கள் அல்ல. தெரியும் என்று நாம் நினைக்கும் சின்னச் சொற்களே. “டு பி ஷூர்” என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், நிச்சயமாக என்று பொருள் கொண்டு, கட்டுரையாளர் அழுத்திச் சொல்கிறார் என்று நான் பல மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் “உண்மைதான், இருந்தாலும்” என்ற இடத்தில் வருவது. எதிர்த்தரப்புக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் “யெட்” என்றோ “பட்” என்றோ தன் பக்கம் திரும்புவதற்கான ஆயத்தம் அது. ஏறக்குறைய இல்லை எனப் பொருள்படும் “ஹார்ட்லி” என்பதைக் கடினம் என்று படித்ததும், “ஃப்யூ” என்பதற்கும் “எ ஃப்யூ” என்பதற்கும் வேறுபாடு பாராமல் போனதும் என் பழைய குறிப்பேட்டில் இன்னும் இருக்கின்றன. “ஃப்யூ” அனேகமாக இல்லை என்கிறது, “எ ஃப்யூ” சில உண்டு என்கிறது. மிஞ்சிப்போனால் எனப் பொருள்படும் “அட் பெஸ்ட்” என்பதைப் பாராட்டு என்று நினைத்த நாளும் உண்டு. இத்தகைய முப்பது, நாற்பது தொடர்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுதிவைத்துப் பழகியது, ஆயிரம் அருஞ்சொற்களை மனப்பாடம் செய்ததைவிட எனக்குப் பயன்பட்டது.

அதன்பின், தவறிய கேள்விகளுக்கான விளக்கத்தை உடனே திறக்காதீர்கள். மறுநாள் அதே உரைப்பகுதியை நேரக் கட்டுப்பாடின்றிப் படித்து மீண்டும் விடையளியுங்கள். இப்போது சரியானால் சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இப்போதும் தவறினால் வாசிப்பில் இருக்கிறது. பயிற்சிக்கு மையங்கள் தயாரிக்கும் உரைப்பகுதிகளைவிட, ஐ.ஐ.எம்.கள் வெளியிட்ட முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையே நம்புங்கள். தனியார் தாள்களில் பல நேரம் விடையே விவாதத்துக்குரியதாக இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டி நம் தீர்ப்புத்திறனைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில் 4: அச்சகத்துக் கணக்கன்

மூவருக்கும் நன்றி. பொன்னி அக்கா சொன்னபடி அந்த 9 கேள்விகளையும் நேற்றிரவு கடிகாரம் பாராமல் மறுபடி செய்தேன். 3 சரியாயின, 6 மறுபடியும் தவறின. அந்த ஆறில் நான்கு, எதிர்த்தரப்பின் கருத்தைக் கட்டுரையாளர் தலையில் ஏற்றியதால் வந்தவை. ஒன்று, கேள்வியின் கடைசியில் பெரிய எழுத்தில் இருந்த “எக்செப்ட்” (தவிர) என்ற சொல்லைப் பாராததால் வந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேகவாசிப்பு வகுப்புக்கு எடுத்துவைத்த பணம் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். உரைப்பகுதிக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் மீதமுள்ள 8 மொழிக் கேள்விகளுக்கு நேரம் போதுமா என்பது மட்டும் ஐயமாக உள்ளது.

பதில் 5: மூன்றாம் முயற்சி

ஓர் உரைப்பகுதிக்குக் கேள்விகளையும் சேர்த்து 9 நிமிடம் என்று மூன்றுக்கு 27 நிமிடம் ஒதுக்கினால், 13 நிமிடம் மிஞ்சும்; தொடக்கத்தில் பார்வையிட்ட இரண்டு நிமிடத்தைக் கழித்தாலும் 11 நிமிடம் இருக்கிறது. வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விகளில் விடையை எண்களாகத் தட்டச்சு செய்யும் வகைக்குத் தவறான விடைக்கான கழிவு மதிப்பெண் கிடையாது. அவற்றை மட்டும் எக்காரணத்தாலும் வெற்றிடமாக விட்டு வராதீர்கள்.