மார்ச் 20 ஷிப்மென்ட், ஏப்ரல் 18 பிரசவம்: எப்போது லீவு போடலாம்?

அவிநாசிப் பொண்ணு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு இது முதல் குழந்தை. இன்றோடு 29 வாரம் முடிகிறது. டாக்டர் கொடுத்த தேதி ஏப்ரல் 18. எந்த நாளோடு வேலைக்குப் போவதை நிறுத்துவது என்று வீட்டில் பத்து நாளாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அதாவது ஒரு ஆர்டரை சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். ஐந்தாம் மாதம் வரை ஸ்கூட்டியில் போய் வந்தேன். அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியதில் வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. அன்றோடு ஸ்கூட்டியைத் தொடவில்லை. காலையில் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விடுகிறார், சாயங்காலம் பஸ். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

மெயில் பார்க்கிற நேரம் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் நடைதான். சாம்பிள் ரூம் மாடியில் இருக்கிறது. டையிங் யூனிட்டுக்கு (சாயப்பட்டறை) ஷேடு, அதாவது துணியின் நிறம் சரியா என்று பார்க்கப் போனால் அந்தச் சூடும் ஆவியும் ஆசிட் வாடையும் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. போன வாரம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த டிராலியைப் பிடித்துக்கொண்டேன். அங்கே வேலை செய்கிற பையன் ஒருவன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஓடிப்போய் மோர் வாங்கிவந்து கொடுத்தான். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே நிறுத்தச் சொல்வார்கள் என்று பயம்.

அம்மா வீடு காங்கேயம். மாசியில் கட்டுச்சோறு (பல வகைச் சோறு வைத்துச் செய்கிற சடங்கு) போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிறார். "ஒம்பதாம் மாசத்துல எதுக்கு சாமி அந்த அலைச்சல்" என்று தினமும் போனில் கேட்கிறார். அத்தையும் அதே பக்கம்தான். வீட்டுக்காரர், "பேசாம ரிசைன் பண்ணிரு, ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்கிறார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அது தெரியும். ஆனால் என் சம்பளம் 28,000. வீட்டுக் கடனுக்கு மாதம் 11,500 அதிலிருந்துதான் போகிறது.

நான் காலண்டரை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மகப்பேறு விடுப்பு மொத்தம் 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். அம்மா சொல்கிறபடி பிப்ரவரி 21 முதல் எடுத்தால் ஆகஸ்ட் 22 அன்று திரும்ப வேலைக்குப் போக வேண்டும். அப்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். ஏப்ரல் 4 வரை தள்ளினால் அக்டோபர் 3, குழந்தைக்கு ஐந்தரை மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். முன்னால் நான் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையிடமிருந்து எடுக்கிற வாரம் என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இப்போது பார்ப்பது பிறந்த குழந்தைகளுக்கான ரோம்பர் (மேலும் கீழும் ஒரே துண்டாக வருகிற உடுப்பு) ஆர்டர். மார்ச் 20 ஷிப்மென்ட். 0-3 மாத சைஸ் முதல் சாம்பிள் கைக்கு வந்த அன்று, அளவு டேப்பை வைத்துவிட்டு வெறுமனே அதை மடியில் போட்டுப் பார்த்தேன். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் வருகிறது. அதிலுள்ள ஸ்னாப் பட்டன் பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுவிடும், அதனால் ஒவ்வொன்றையும் இழுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். இந்த ஆர்டரை நானே முடித்து அனுப்ப வேண்டும் என்று ஆசை.

36 வாரம் தாண்டியும் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? உடம்பு தாங்கியதா? ரிசைன் செய்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டவர்கள் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை அம்மா

தங்கச்சி, நான் எட்டு வாரத்தையும் முன்னாலேயே எடுத்தவள். பெரியவர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன். காலையில் எழுந்தால் செய்ய ஒன்றும் இல்லை. ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். என் மகள் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் பிறந்தாள். அதுவும் கணக்கில் போய்விட்டது.

திரும்ப ஆபீஸ் போனபோது அவளுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு தெறிக்கும். பழைய ஃபைல் அடுக்கி வைத்திருக்கிற ஒரு சின்ன அறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு, அதன்மேல் நானே உட்கார்ந்து பம்ப் செய்வேன். யாராவது கதவைத் தள்ளினால் முதுகில் இடிக்கும். "ஆள் இருக்கு" என்று குரல் கொடுப்பேன். ஒரு நாள் பீய்ச்சி வைத்த பால் பாட்டில் கைதவறிக் கொட்டிவிட்டது. 120 மில்லி. தரையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது குழந்தைக்கு 38 வாரம் வரை போனேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிஷம், அதனால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் கடைசி இரண்டு வாரம் நான் வேலை செய்தேன் என்று சொல்ல முடியாது, கால் வீங்கி செருப்பே நுழையவில்லை. ஆனால் அவன் ஐந்தரை மாதம் என்னோடு இருந்தான். உன் வேலை என் வேலை மாதிரி இல்லை என்பதையும் யோசித்துக்கொள். மாடிப்படி, டையிங் எல்லாம் எனக்குக் கிடையாது.

பல்லடம் நூல்மில்

ரிசைன் மட்டும் பண்ணிராதே கண்ணு. நான் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். 2015, அப்போது 12 வாரம்தான் லீவு. ஏழாம் மாதத்தில் ஆபீஸில் கூப்பிட்டு, "இப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க, குழந்தை பொறந்து எப்ப வேணா வந்து சேந்துக்கலாம்" என்றார்கள். நல்ல மனசோடு சொல்கிறார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். 12 வாரச் சம்பளமும் போனது, ஐந்து வருஷ சர்வீஸும் போனது. குழந்தைக்கு ஒரு வயசானதும் போய்க் கேட்டேன். இடமில்லை என்றார்கள். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குச் சம்பளம் என்னைவிடக் குறைச்சல்.

உன் கணக்குக்கு ஆறு மாதம் 28,000 என்றால் 1,68,000. கையெழுத்துப் போட்டால் அது அத்தனையும் இல்லை. லீவில் போ, குழந்தை முகத்தைப் பார், அப்புறம் விடுவதா வேண்டாமா என்று யோசி.

மதுரை ஸ்டாஃப் நர்ஸ்

கண் இருட்டியதை வீட்டில் சொல்லாமல் இருக்கலாம், டாக்டரிடம் சொன்னீர்களா? அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள். ரத்த அளவும் பி.பி.யும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் நெடுநேரம் நின்றால் பி.பி. இறங்கி மயக்கம் வருவது உண்டு, ரத்தசோகையாலும் வரும். எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆவியும் ஈரத் தரையும் இருக்கிற இடத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

நான் பிரசவ வார்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். அப்படி இருந்தும் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது குழந்தை, 34ஆவது வாரம். 37 வரை ட்யூட்டி பார்ப்பது என்று தேதி குறித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் தலைவலி. நைட் ட்யூட்டி தூக்கமின்மை என்று நினைத்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். கூட இருந்த சிஸ்டர்தான் என் முகம் உப்பியிருப்பதைப் பார்த்து, கையைப் பிடித்து உட்கார வைத்து பட்டையைச் சுற்றினாள். 160/110. அன்று ராத்திரியே ஆபரேஷன். மகன் 1.9 கிலோ. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான், நன்றாக இருக்கிறான்.

அதனால் ஷிப்மென்ட் தேதியோடு உங்கள் தேதியைக் கட்டிப்போடாதீர்கள். மார்ச் 20 வரை போக முடிந்தால் சந்தோஷம். ஆனால் பிப்ரவரி கடைசிக்குள், நாளைக்கே நீங்கள் வராவிட்டாலும் வேலை நடக்கும் என்கிற நிலைக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிப் பையையும் கட்டிவிடுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, ரத்தம் படுவது, நீர் கசிவது, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். மெயில் பாதியில் இருந்தாலும் சரி.

ஹெச்.ஆர். அண்ணன்

நான் வேறொரு ஊரில் கம்பெனி ஹெச்.ஆரில் இருக்கிறேன். உங்கள் கணக்கு சரிதான் தங்கச்சி. சம்பளம் 21,000க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வராது, கம்பெனிதான் கொடுக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம், இந்தக் காலத்தில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் கம்பெனி அதைக் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு அந்த ஒரு மாதம் பிப்ரவரி 7 வாக்கில் தொடங்குகிறது. அதாவது வீட்டில் உட்காருவது அல்லது டையிங்கில் நிற்பது என்று இரண்டே வழி இல்லை. வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தால் உடம்பு முடியாமல் போனால் டாக்டர் சான்றிதழோடு இன்னும் ஒரு மாதம் கேட்கலாம், அதுவும் உண்டு.

அவிநாசிப் பொண்ணு

எல்லோருக்கும் நன்றிங்க. நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனேன். பி.பி. சரியாக இருக்கிறது. ரத்த அளவு 9.6 தான். இரும்புச்சத்து மாத்திரையை மாற்றிக் கொடுத்து, டையிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரரிடமும் அன்று இரவே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையனுக்கு நன்றி சொன்னியா" என்று கேட்டார். மறுநாளிலிருந்து சாயங்காலமும் அவரே வருகிறார். வேலையை முடித்துக்கொண்டு வர ஏழு மணி ஆகிவிடுகிறது, ஆனாலும் பஸ்ஸில் விட மாட்டேன் என்கிறார். பல்லடம் அக்கா சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ரிசைன் பேச்சு இப்போது இல்லை.

கடிதம் கொடுத்துவிட்டேன். மேனேஜர் வாசித்துவிட்டு இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. டையிங்குக்கு இனி என் ஜூனியர் போவாள். ஷேடு துணுக்கு என் மேசைக்கு வரும். சாம்பிளும் மாடியிலிருந்து கீழே வந்துவிடும்.

தேதியும் முடிவாகிவிட்டது. மார்ச் 13 கடைசி நாள். ஷிப்மென்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே நிற்கிறேன். அதை முடிவு செய்யத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. மார்ச் 14 முதல் 26 வாரம் என்றால் செப்டம்பர் 12. சேர்த்து வைத்திருக்கிற இ.எல். (ஈட்டிய விடுப்பு) 14 நாளையும் போட்டால் செப்டம்பர் 26, குழந்தைக்கு ஐந்து மாதம் தாண்டிவிடும். மிச்ச நாளுக்கு அம்மா அவிநாசி வந்து இருக்கிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பதிலாகக் கட்டுச்சோறை அவர் கேட்டபடி ஒன்பதாம் மாதத்திலேயே வைத்துக்கொள்கிறோம், மார்ச் 15. மாசிதான் வேண்டும் என்று நின்றவர், பங்குனி பிறக்கிற நாளுக்கு இறங்கி வந்துவிட்டார். அதற்குள் என்னென்ன சோறு என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் அதற்கு முன்பே நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன். நாளைக்கு ஜூனியருக்கு ஸ்னாப் பட்டன் இழுவை டெஸ்ட்டை எப்படிப் பார்ப்பது என்று உட்கார வைத்துக் காட்ட வேண்டும். நான்கு சைஸுக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.