கார்த்தியின் ரேம் 2133-இல் ஓடுகிறது

கார்த்தி, இரவு 8:14
சரவணன் அண்ணா, ஒரு சந்தேகம். புது கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று இருக்கிறேன். பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் அதன் பெட்டியோடு வந்ததுதான். ஒரு வீடியோவில் 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) போட்டால் போதும் என்கிறார்கள். அப்படியே போடவா?

சரவணன், இரவு 8:21
போடாதே. முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ஸ்பீட் என்ன காட்டுகிறது பார். அப்புறம் கேபினட்டின் பக்க மூடியைத் திறந்து ரேம் இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்துப் போடு.

கார்த்தி, இரவு 8:33
2133 காட்டுகிறது. ரேம் பெட்டியில் 3200 என்றுதான் அச்சடித்திருக்கிறது.
[படம்]

சரவணன், இரவு 8:36
நினைத்தேன். நீ காசு கொடுத்து வாங்கிய வேகமே இன்னும் உனக்கு வந்து சேரவில்லை. போட்டோவைப் பார், இரண்டு ரேமும் பிராசசருக்குப் பக்கத்தில் முதல் இரண்டு ஸ்லாட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதை. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் இருந்தால் இரண்டு சேனலும் வேலை செய்யும். அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் இதைக் கவனிக்கவில்லை.

கார்த்தி, இரவு 8:37
நானே மாற்றலாமா?

சரவணன், இரவு 8:40
மாற்றலாம். ஷட் டவுன் செய்து பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்து, மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடு. அடியில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, கொஞ்சம் தள்ளியிருக்கும். அது ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். இரண்டு முனையிலும் சமமாக அழுத்து, டக் என்று பூட்டும்.
ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போ. ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங் எக்ஸ்எம்பி என்று இருக்கும், சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும். அதை ஆன் செய்து சேவ் செய். 3200-க்கான டைமிங், 1.35 வோல்ட் எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். அதன் பிறகு திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், தானாக அணைந்து எரியவும் செய்யலாம். போர்டு ரேமைப் பழக்குகிறது. பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடாதே.

மணி மாமா, இரவு 8:52
1998-இல் இன்டெலின் செலரான் 300ஏ பிராசசர் வந்தபோது, அதைப் போர்டோடு இணைக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்குவார்கள், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். பாதி விலைக்கும் குறைவாகப் பெரிய பிராசசர் கிடைத்த மாதிரி. இப்போது அப்படி முடியாதா சரவணா?

சரவணன், இரவு 8:58
சிப்பில் மிச்சமிருக்கும் அந்த வேகத்தை இப்போது சிப்பே எடுத்துக்கொள்கிறது மாமா. 5600-க்கு அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், ஆனால் சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே 4.4 வரை போகும். அதற்கு மேல் நாம் தள்ளினால் வரும் லாபம் கொஞ்சம், சூடுதான் அதிகம்.
கார்த்தி, அந்த 1.35-ஐ மறந்துவிடு. ரேமுக்கு அது சாதாரண அளவு. பிராசசரில் ஆறு கோரும் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) வேலை செய்யும்போது அதே 1.35-ஐ நிலையாகக் கொடுப்பது ஆபத்து. செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வோல்டேஜ் ஏறுவது எட்டில் ஒரு பங்குதான், மின்சாரமோ கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அத்தனையும் அந்தச் சின்ன கூலர் தலையில். மதுரை சித்திரை வெயிலில் உன் மாடி அறையில் அது தாங்காது. 90 டிகிரியைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றியது வீண்.

கார்த்தியின் அப்பா, இரவு 9:05
வாரன்டி என்ன ஆகும்?

சரவணன், இரவு 9:09
வரம்புக்கு மேல் ஓட்டிக் கெட்டுப்போனால் வாரன்டி கிடையாது என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது சித்தப்பா. அதனால்தான் பிராசசர் வோல்டேஜைக் கையால் ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

தேவி அத்தை, இரவு 9:12
கார்த்தி, நித்யா வளைகாப்பு போட்டோ, வீடியோ எல்லாம் உன் கம்ப்யூட்டரில்தானே எடிட் செய்யப் போகிறாய்? ஒன்றும் ஆகாதே?

சரவணன், இரவு 9:16
நல்ல கேள்வி அத்தை. பிராசசர் தடுமாறினால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். ரேம் தடுமாறினால் பல சமயம் வெளியே தெரியாது. காப்பி செய்யும் படம் ரேம் வழியாகத்தான் போகிறது. நடுவில் ஒரு பிட் மாறினாலும் மாறியபடியே டிஸ்கில் பதியும், எந்த எச்சரிக்கையும் வராது. பிறகு திறந்தால் படத்தின் பாதியில் சாம்பல் பட்டை.
கார்த்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய். நாலு சுற்று ஓடும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். அது முடியும்வரை வளைகாப்புப் படங்களை இதில் ஏற்றாதே, கேமரா கார்டையும் அழிக்காதே.

கார்த்தி, இரவு 9:18
பூட்டே ஆகாவிட்டால்?

சரவணன், இரவு 9:20
பவர் வயரை எடுத்துவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடு. பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கார்த்தி, காலை 7:02
[படம்]
3200. நாலு சுற்று, பிழை 0. பிராசசரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனை ஓடும்போது சூடு 77 டிகிரி. 3600 போடலாமா அண்ணா?

சரவணன், காலை 7:30
அருமை. ரேம் 3600-இல் ஓடினால் பிராசசருக்குள் இருக்கும் இணைப்பு அதில் பாதி, 1800-இல் ஓட வேண்டும். பெரும்பாலான 5600-கள் அதைத் தாங்கும். உன் ரேம் 3200 வேகத்துக்கு என்று விற்றது, ஓடினால் லாபம். ஓடினாலும் மறுபடி ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் வேண்டும். பிராசசருக்கு கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கிறது, அதில் வோல்டேஜைக் குறைத்தே வேகம் எடுக்கலாம். இரண்டையும் வளைகாப்பு வீடியோவைக் கொடுத்த பிறகு பார்ப்போம்.

தேவி அத்தை, காலை 7:41
வீடியோ ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். சம்பந்தி வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கார்த்தி, காலை 7:43
சனிக்கிழமையே தந்துவிடுகிறேன் அத்தை. கார்டை எடுத்துக்கொள்ள இன்று சாயங்காலம் வருகிறேன்.