நீலகிரியில் வீடு வாங்கியவர்களும் வாழ்பவர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர், வண்டிச்சோலை பக்கத்திலிருந்து

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, கையோடு "ஒரு வீடு சொல்லுங்களேன்" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: சீசனில் வீடு பார்க்காதீர்கள். குன்னூர், கோத்தகிரி என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். ஊட்டிக்கு மேற்கே என்றால் ஆடியில் வாருங்கள். இந்த மலையில் இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, எமரால்டு பக்கம் கொட்டும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் பக்கத்துக்கு வடகிழக்கு மழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி சுற்று வட்டாரத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். வெயிலடிக்கும் நாளில் எந்தச் சரிவும் பச்சைப் பசேலென்று அழகாகத்தான் தெரியும்.

நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்தோம். பிறகு வாங்கியது வெள்ளைக்காரன் காலத்து வீடு, கல் சுவர், சுண்ணாம்புக் காரை, தகரக் கூரை. புரோக்கர் பள்ளத்தாக்கையே காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, சேர்ந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். "முன்னாடி என்ன தெரியுதுன்னு அப்புறம் பாக்கலாம் தம்பி, பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க" என்றார். மேலே இருந்த மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். அப்படி இருந்தால் மண் மெல்ல நகர்கிறது என்று அர்த்தமாம். அப்புறம் தடுப்புச் சுவர். அதில் தண்ணீர் வெளியே வர ஓட்டை விட்டிருக்க வேண்டும், மழை நேரத்தில் அதன் வழியாகத் தண்ணீர் வடியவும் வேண்டும். ஓட்டை இல்லாத சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பின்னால் தண்ணீர் தேங்கி ஒருநாள் சுவரையே தள்ளிவிடும். நாங்கள் பார்த்த வீடுகளில் அழகான ஒன்றை இந்த ஒரே காரணத்துக்காக விட்டோம். புரோக்கருக்கு இன்னும் வருத்தம்.

பழைய வீடு வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு முன் இருந்தவர்கள், ஓதம் அடிக்கிறது என்று சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, பட்டுப் புடவையில் புள்ளி, அரிசியில் வாடை. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. லாரி வராத சந்து வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் மணலுக்கு ஒரு விலை, ரோட்டிலிருந்து வீடு வரை தலைச்சுமைக்கு ஒரு கூலி. சமவெளிக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே மராமத்து பண்ண முடியாது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: மலைநகரங்களுக்கென்று 1993-லேயே தனிக் கட்டட விதிகள் வந்துவிட்டன. உயரம் 7 மீட்டர்தான், அதாவது தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். பொக்லைன் வைத்து மண்ணை வெட்ட அனுமதி வேண்டும். போர்வெல் ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் தோட்டத்து மரத்தை வெட்டக்கூட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டும். தொல்லை என்று புலம்புபவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கெடுபிடி இன்னும் கூடினாலும் சம்மதமே. மேல் வீட்டுக்காரர் வெட்டும் மண் என் கூரை மேல்தானே விழும்?

கூடலூரிலிருந்து

குன்னூர் சார் சரிவைப் பற்றிச் சொன்னார். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கூடலூர், பந்தலூர் பக்கம் "ஏக்கர் மலிவா வருது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, "இது பிரிவு 17 நிலமா?" என்பதுதான். ஜன்மம் என்பது ஜமீன் மாதிரியான பழைய நில உரிமை. 1969-இல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அதன் 17-ஆம் பிரிவில் முடிவாகாமல் நின்ற நிலங்கள் இங்கே ஏராளம். தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டா இல்லாமல், கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைகிறார்கள். அதைப் போய் வெளியூர்க்காரர் ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் வாங்கினால் கையில் மிஞ்சுவது அந்தத் தாள்தான். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு இடத்தைக் காட்டி, "எல்லாரும் இப்படித்தான் சார் வாங்குறாங்க" என்றார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் அது கிரயம் ஆகிவிடாது.

பட்டா இருக்கிற இடத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலம் என்றால், அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் கேளுங்கள். மூலப்பத்திரத்தை இந்த மாவட்டத்து வக்கீலிடம் காட்டுங்கள். சென்னை வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஜன்மம் என்றால் முழிப்பார்.

கோத்தகிரியிலிருந்து

நீங்கள் எல்லாரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வாழ்வதைப் பற்றி. எங்கள் தெருவில் கரடி வரும். கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கும், கதவைத் தள்ளிப் பார்க்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் குப்பைக் கூடையை வெளியே வைப்பதில்லை, சமையலறை ஜன்னலைத் திறந்து போடுவதில்லை. காட்டெருமை அதைவிடச் சாதாரணம். தேயிலைக்குள் அசையாமல் நிற்கும், கறுப்புப் பாறை என்று நினைத்துப் பக்கத்தில் போய்விடுவீர்கள். ஆளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினால் செல்போனை எடுக்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.

பச்சைத் தேயிலை பறிக்கும் அக்காக்கள்தான் எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வந்த புதிதில் கம்பி வேலி போடப்போனேன். "போடாதீங்கம்மா, அது காட்டு மாடு போற வழி. வேலியோட சேர்த்து உங்க பைப்பையும் இழுத்துட்டுப் போகும்" என்றார்கள். பக்கத்து ரிசார்ட்டில் போட்டார்கள். இரண்டும் போயின.

ஊட்டியிலிருந்து

ஒரு சின்ன விஷயம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். டி.என். 43 எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்குக் கவலை இல்லை. ஆனால் கோயம்புத்தூர்ப் பதிவு வண்டியோடு குடிவந்தவர்கள் சோதனைச் சாவடியில் "நான் இங்கேதான் குடியிருக்கேன்" என்று விளக்கிக்கொண்டு நிற்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

மூட்டு வலி, ஆஸ்துமா உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிவருபவர்கள், மார்கழி உறைபனியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். என் மாமியார் தை பிறந்ததும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுவார், பங்குனியில்தான் ஏறுவார். சில பெரிய வைத்தியங்களுக்குக் கோவைக்குத்தான் ஓட வேண்டும், அதுவும் மலைப்பாதையில் போக்குவரத்து விட்டிருந்தால்.

குன்னூர், வண்டிச்சோலை பக்கத்திலிருந்து

தனிச்செய்தியில் சிலர் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணைத் தண்ணீர் கோடையில் பல நாளைக்கு ஒருமுறைதான் வரும், தெருவுக்குத் தெரு மாறும். வீடு பார்க்கப் போகும்போது உரிமையாளரிடம் கேட்காதீர்கள், "தினமும் வரும்" என்பார். எதிர் வீட்டு மொட்டை மாடியில் எத்தனை தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.